அடித்தட்டு மக்களும் ஆதாயக் கணக்கும்

பசித்தவருக்குச் சோறிடுவது அறம். அவருக்கே சோறு விற்பது வாணிபம். இவ்விரண்டும் இருவேறு உலகங்களுக்கு உரியவை என்றே நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது. வணிகர் சந்தையில் பொருளீட்டினார்; ஈட்டியதில் ஒரு பகுதியைப் பள்ளிவாசலுக்கும் கல்விக்கூடத்துக்கும் மருத்துவமனைக்கும் வழங்கினார். ஈட்டும் முறைக்கும் இஸ்லாமியச் சட்டவியல் விரிவான நெறிகளை வகுத்திருந்தபோதிலும், நடைமுறையில் ஈட்டலும் ஈதலும் இரு தனித்தனிக் கணக்கேடுகளாகவே இருந்து வந்தன. இவ்விரு ஏடுகளையும் ஒன்றாக்கிவிடலாம், ஏழையின் தேவையை நிறைவு செய்வதன் வழியாகவே நிறுவனம் ஆதாயம் அடையலாம் என்னும் கருத்து இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரும் செல்வாக்குப் பெற்றது. அச்செல்வாக்குக்கு வித்திட்ட நூல்களுள் முதன்மையானது, கோயம்புத்தூரில் பிறந்து அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கிய சி.கே. பிரகலாத் 2004இல் வெளியிட்ட நூலாகும். 'பிரமிடின் அடித்தளத்தில் உள்ள செல்வம்' என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். 'ஆதாயங்களின் வழியாக வறுமையை ஒழித்தல்' என்பது அதன் துணைத்தலைப்பு.

பிரகலாத் 2010இல் மறைந்தார். அவருடைய கருத்தோ மறையவில்லை. 2011இல் மைக்கேல் போர்ட்டரும் மார்க் கிராமரும் 'பகிர்ந்த மதிப்பு' என்ற பெயரில் அதற்கு இன்னொரு வடிவம் கொடுத்தனர். சமூகத் தேவையை நிறைவு செய்வதே நிறுவனத்தின் அடுத்தகட்ட வளர்ச்சிக்கு வழி என்று அவர்கள் வாதிட்டனர். இன்று நம்முடைய ஊர்களிலும் அறக்கட்டளைக் கூட்டங்களிலும் ஜமாஅத் ஆலோசனைகளிலும் 'கொடுத்துக்கொண்டே இருந்தால் எத்தனை நாள் தாங்கும்? தொழிலாக நடத்தினால் என்ன?' என்ற குரல் கேட்கிறது. அக்குரலில் நியாயம் உண்டு. ஆனால் எந்த நிபந்தனைகளின்கீழ் நியாயம் உண்டு என்பதே இங்கு நாம் ஆராய விரும்பும் வினா. பிரகலாதின் நூலையும் அதன்பின் நிகழ்ந்தவற்றையும் அருகருகே வைத்துப் படித்தால் அவ்வினாவுக்கு ஓரளவு தெளிவான விடை கிடைக்கும் என்று கருதுகிறோம்.

நூலின் பெருமையை முதலில் ஒப்புக்கொள்வதே நேர்மை. ஏழை என்றாலே கையேந்துபவர் என்ற படிமத்தைப் பிரகலாத் உடைத்தார். ஏழையும் வாங்குபவர், விலையும் தரமும் பார்த்துத் தேர்வு செய்பவர், அவர் கேட்பது இரக்கமன்று, மரியாதை என்றார். அதற்கு அவர் காட்டிய சான்றுகளுள் மறக்க இயலாதது மும்பையின் தாராவியையும் அதே நகரின் செல்வர் வாழும் வார்டன் சாலைப் பகுதியையும் ஒப்பிடும் அட்டவணை. தண்ணீருக்குத் தாராவிக்காரர் 37 மடங்கு கூடுதல் விலை கொடுக்கிறார்; அரிசிக்கு 1.2 மடங்கு கொடுக்கிறார். கடனுக்கு அவர் கட்டும் வட்டிக்கோ ஒப்பீடே இல்லை. ஏழையாக இருப்பதற்கே ஒரு தண்டத்தொகை கட்ட வேண்டியிருக்கிறது என்பதுதான் இதன் பொருள். தரகரும் வட்டிக்காரரும் வாழும் இந்த இடைவெளியில் ஒழுங்கான நிறுவனம் ஒன்று புகுந்து, பாதி விலைக்குத் தந்து, தானும் ஆதாயம் அடைந்தால் அதில் யாருக்கு நட்டம்? இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது.

ஆயினும், நூல் தரும் எடுத்துக்காட்டுகளை உரிமையாளர் யார் என்ற கண்ணோட்டத்தில் வகைப்படுத்திப் பார்க்கும்போது ஒரு விந்தை புலப்படுகிறது. படிப்பவர் நெஞ்சைத் தொடும் எடுத்துக்காட்டுகளுள் முதலிடம் பெறுவது மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை. டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்றபின், 1976இல், தம் 58ஆம் வயதில், 11 படுக்கைகளுடன் அதைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன நிலையிலும் அறுவைக் கத்தியைப் பிடிக்கக் கற்றுக்கொண்டவர் அவர். அங்கே ஒரு மருத்துவர் இரண்டு மேசைகளுக்கு இடையே நின்று, ஒன்றில் அறுவை முடிந்ததும் மற்றொன்றுக்குத் திரும்புகிறார். அதற்குள் முதல் மேசையில் அடுத்த நோயாளி ஆயத்தமாகிவிடுகிறார். கிராமத்துப் பெண்கள் இரண்டாண்டுப் பயிற்சி பெற்று, மருத்துவர் செய்ய வேண்டியதில்லாத வேலைகள் அனைத்தையும் ஏற்கின்றனர். இதனால் ஒரு மருத்துவர் செய்யும் அறுவைகளின் எண்ணிக்கை பன்மடங்காகிறது. ஓர் அறுவைக்கு ஆகும் செலவு குறைகிறது. வசதி உள்ளவர் கட்டணம் கட்டுகிறார்; ஏறத்தாழப் பாதி நோயாளிகள் கட்டணமின்றியோ மிகக் குறைந்த கட்டணத்திலோ அறுவை பெறுகின்றனர். அறையும் கட்டிலும் வேறுபடும். அறுவை செய்யும் கை வேறுபடாது. வெளிநாட்டிலிருந்து வரவழைக்கப்பட்ட கண்வில்லையின் விலை ஏழைக்கு எட்டாததாக இருந்தபோது, 1992இல் ஆரோலேப் என்ற உற்பத்திக்கூடத்தை நிறுவி, அவ்வில்லையை அவ்விலையின் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குக்குக் கொண்டுவந்தனர்.

இது வணிகத் திறமையின் உச்சம் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அரவிந்த் ஓர் அறக்கட்டளை. அதன் வரவு செலவை விஞ்சுகிறது. மிஞ்சியது அடுத்த மருத்துவமனையாகவும் அடுத்த கண்முகாமாகவும் மாறுகிறது. பங்குதாரர் எவரும் அதில் பங்கு கேட்பதில்லை. நூல் போற்றும் ஜெய்ப்பூர் செயற்கைக் காலும் அவ்வாறே. அதை வழங்கும் அமைப்பு கால் இழந்தோருக்கு அதனை இலவசமாகவே பொருத்துகிறது. ஆதாயத்தின் வழியாக வறுமையை ஒழிக்கலாம் என்று முழங்கும் நூல், தன் மிகச் சிறந்த சான்றுகளை ஆதாயம் பங்கிடாத அமைப்புகளிடமிருந்து கடன் வாங்கியிருக்கிறது. இது தற்செயலன்று. நூலாசிரியர் இரண்டு பொருள்களுக்கு ஒரே சொல்லைப் பயன்படுத்திவிட்டார். செலவுபோக மிஞ்சுவது ஒன்று. மிஞ்சியதை உரிமையாளர் எடுத்துக்கொள்வது மற்றொன்று. முன்னதை மிகுதி என்றும் பின்னதைப் பங்காதாயம் என்றும் நாம் பிரித்துக்கொள்வோம். மிகுதி இன்றி எந்த நற்பணியும் நெடுநாள் நிலைக்காது என்பதை அரவிந்த் மெய்ப்பிக்கிறது. பங்காதாயம் இன்றி நற்பணி நடவாது என்பதை அது மெய்ப்பிக்கவில்லை. அதற்கு மாறானதையே மெய்ப்பிக்கிறது.

ஆதாயம் பங்கிடும் நிறுவனங்களுக்கு நூல் தரும் சான்றுகளைப் பார்ப்போம். இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் அன்னபூர்ணா உப்பு அவற்றுள் ஒன்று. சேமிப்பிலும் நம்முடைய சமையல் முறையிலும் உப்பிலுள்ள அயோடின் வீணாகிவிடுகிறது. வீணாகாமல் காக்கும் தொழில்நுட்பத்தை நிறுவனம் கண்டறிந்தது. அயோடின் குறைபாட்டால் குழந்தைகளின் அறிவு வளர்ச்சி குன்றும் நாட்டில் இது மெய்யான தேவையை நிறைவு செய்யும் கண்டுபிடிப்பே. எனினும், அயோடின் உப்பு ஏழை வீட்டு அடுப்படிவரை சென்றதற்கு நிறுவனங்களின் விளம்பரம் மட்டும் காரணமன்று; அயோடின் சேர்க்காத உப்பை நேரடி உணவுக்கு விற்பதைத் தடுக்கும் விதி 2006இல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்ததும் காரணம். சந்தை தனியே நின்று சாதித்ததாக நூல் வரையும் சித்திரத்தில் அரசின் இடம் மிகச் சிறியது.

சிறு பொட்டலங்களின் கதையோ நம் தமிழ்நாட்டிலிருந்து புறப்பட்டது. ஷாம்பூவைச் சின்னஞ்சிறு உறையில் அடைத்து விற்கும் வழக்கத்துக்குக் கடலூரைச் சேர்ந்த சிறு தொழில் முனைவோரே முன்னோடிகள். பெருநிறுவனங்கள் அவர்களைப் பின்பற்றின. அன்றாடக் கூலி பெறுபவரால் அன்றாடம் செலவிடக்கூடிய தொகைக்குப் பொருள் கிடைப்பது வசதிதான். ஆயினும் பொட்டலம் சிறுத்ததால் வாங்குபவரின் வருமானம் பெருகிவிடுவதில்லை. உறையோ எவராலும் மறுபயன்படுத்த இயலாத பல அடுக்கு நெகிழிக் குப்பையாக அவர் தெருவிலேயே தங்கிவிடுகிறது. குப்பையை அகற்றும் செலவு நிறுவனத்தின் கணக்கேட்டில் இடம்பெறுவதில்லை.

இந்த இடத்தில்தான், அதே மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அனில் கர்னானியின் மறுப்பு முக்கியத்துவம் பெறுகிறது. 2007இல் அவர் வெளியிட்ட கட்டுரைகள் இரண்டு வழிகளில் பிரகலாதைத் தாக்கின. முதலாவது, கணக்கு. அடித்தளத்துச் சந்தையின் மதிப்பு 13 லட்சம் கோடி டாலர் என்று பிரகலாத் எழுதியிருந்தார். அது வாங்கும் திறனை ஒப்புநோக்கிப் பெருக்கப்பட்ட தொகை. அயல்நாட்டு நிறுவனம் தன் ஆதாயத்தை மாற்றிக்கொள்ளும் நாணய விகிதத்தில் கணக்கிட்டால் அது ஒரு லட்சம் கோடி டாலரையும் எட்டாது என்று கர்னானி காட்டினார். இரண்டாவது, தேவை. 'ஃபேர் அண்ட் லவ்லி' என்ற சருமப் பூச்சை ஏழைப் பெண்ணுக்குத் தேர்வுரிமை தரும் பொருளாகப் பிரகலாத் தரப்பு எடுத்துக்காட்டியிருந்தது. கறுப்பாயிருப்பது குறை என்று முதலில் நம்பவைத்து, பின் அக்குறைக்கு மருந்து விற்பது எப்படி அதிகாரமளித்தலாகும் என்று கர்னானி வினவினார். அந்தப் பூச்சு 2020இல் பெயர் மாற்றப்பட்டது. சமூகத் தேவை எது என்பதை விற்பவரே முடிவு செய்தால், விற்கக்கூடிய தேவை மட்டுமே தேவையாகக் கருதப்படும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் கால்வாயும் தாராவிக்குத் தலையாய தேவைகள். அவற்றைப் பொட்டலத்தில் அடைக்க இயலாது.

ஏழையை நுகர்வோராகப் பார்ப்பதைவிட உற்பத்தியாளராகப் பார்ப்பதே வறுமையை நீக்கும் வழி என்பது கர்னானியின் முடிபு. அவருடைய கையிலிருந்து வாங்குங்கள், அவருக்கு வேலை கொடுங்கள் என்றார். இம்முடிபுடன் நாம் பெரிதும் உடன்படுகிறோம். ஆனால் ஏழையை உற்பத்தியாளராக்குவதற்கென்றே தோன்றிய ஒரு தொழில் உண்டு. அதன் கதையை இவ்வாதம் முழுமையாக எதிர்கொண்டாக வேண்டும். அது நுண்கடன்.

1976இல் சிட்டகாங் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் முஹம்மது யூனுஸ், அருகிலுள்ள ஜோப்ரா கிராமத்தில் 42 பேருக்குத் தம் கைப்பணம் 27 டாலரைக் கடனாகக் கொடுத்தார். மூங்கில் முக்காலி பின்னும் பெண்கள் மூலப்பொருளுக்காக வணிகரிடம் கடன்பட்டு, தம் உழைப்பின் பெரும்பகுதியை அவரிடமே இழந்துகொண்டிருந்த நிலையை அவர் கண்டிருந்தார். அம்முயற்சி 1983இல் கிராமீன் வங்கியாக உருப்பெற்றது. 2006இல் யூனுஸும் அவ்வங்கியும் அமைதிக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். வங்கியின் பங்குகளில் பெரும்பகுதி கடன் பெற்ற பெண்களுக்கே உரியது. ஆகவே மிஞ்சியது எவ்வழியில் சென்றாலும் பெரும்பாலும் அவர்களிடமே திரும்பும் என்பது அதன் கட்டமைப்பு. அவ்வங்கி வட்டி வாங்கியது. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாட்டில் அதுகுறித்து எழுந்த ஆட்சேபத்துக்கு நாம் பின்னர் வருவோம்.

கிராமீனின் வெற்றியைக் கண்ட முதலீட்டாளர்கள் அதன் முறையை எடுத்துக்கொண்டு கட்டமைப்பைக் கைவிட்டனர். மெக்ஸிகோவில் 1990இல் தொண்டு அமைப்பாகத் தோன்றிய கொம்பார்தாமோஸ், வணிக நிறுவனமாகவும் வங்கியாகவும் மாறி, 2007இல் தன் பங்குகளில் ஏறத்தாழ 30 விழுக்காட்டைச் சந்தையில் விற்றது. அவ்விற்பனையில் கிடைத்த 45 கோடி டாலருக்கு மேற்பட்ட தொகை புதிய கடன்களுக்குப் போகவில்லை. பங்கை வைத்திருந்தவர்களின் கைக்கே சென்றது. அப்போது அந்நிறுவனத்தில் கடன் பெற்ற பெண்கள், வரியையும் சேர்த்து, ஆண்டுக்கு ஏறத்தாழ நூறு விழுக்காடு கட்டிக்கொண்டிருந்தனர். இது நுண்கடனன்று, நாம் எதிர்த்துப் போராடிய வட்டிக்காரரின் தொழிலே இது என்று யூனுஸ் வெளிப்படையாகக் கண்டித்தார்.

இந்தியாவில் அதே கதை இன்னும் கடுமையாக நிகழ்ந்தது. ஹைதராபாதில் தலைமையகம் கொண்ட எஸ்.கே.எஸ். நுண்கடன் நிறுவனம் 2010இன் நடுவில் தன் பங்கொன்றை 985 ரூபாய்க்குச் சந்தையில் விற்று 1,600 கோடி ரூபாய்க்கு மேல் திரட்டியது. அதே ஆண்டு அக்டோபரில், கடன் நெருக்கடியும் தற்கொலைகளும் பற்றிய செய்திகள் பெருகிய நிலையில், ஆந்திரப் பிரதேச அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. கடன் வசூல் குலைந்தது. இரண்டாண்டுக்குள் அப்பங்கின் விலை நூறு ரூபாய்க்கும் கீழே சரிந்தது. ரிசர்வ் வங்கி அமைத்த மாலேகாம் குழு 2011 ஜனவரியில் வட்டிக்கு 24 விழுக்காடு உச்சவரம்பைப் பரிந்துரைத்தது. அவ்வகை வரம்புகள் 2022இல் நீக்கப்பட்டு, குடும்ப மாத வருமானத்தில் பாதிக்கு மேல் தவணை போகக்கூடாது என்ற விதி வந்தது. 2025இல் கர்நாடகமும் தமிழ்நாடும் கட்டாய வசூலைத் தடுக்கத் தனிச்சட்டம் இயற்ற வேண்டியிருந்தது என்பதே நோய் தீரவில்லை என்பதற்குச் சான்று.

இதனைச் சில தீயோரின் பேராசை என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. ஆனால் அது விளக்கமாகாது. பங்குச் சந்தைக்கு வந்த நிறுவனம் காலாண்டுதோறும் வளர்ச்சி காட்ட வேண்டும். வளர்ச்சி காட்டப் புதிய கடன் கொடுக்க வேண்டும். ஊர் ஊராகச் செல்லும் ஊழியருக்குக் கடன் எண்ணிக்கையை வைத்தே ஊக்கத்தொகை. ஒரே பெண்ணுக்கு நான்கு நிறுவனங்கள் கடன் தருகின்றன. ஒன்றின் தவணையை மற்றொன்றின் கடனால் அவர் அடைக்கிறார். ஏடுகளில் வசூல் 98 விழுக்காடு என்றிருக்கும். அது வளத்தின் அறிகுறியன்று. அவர் கட்டத் தவறினால் குழுவிலுள்ள மற்றப் பெண்கள் கட்டியாக வேண்டும். ஆகவே அவர்களே வசூல்காரர்களாகிவிடுகின்றனர். இவ்வியந்திரத்தில் நல்லவர் ஒருவரை அமர்த்தினாலும் அது இவ்வாறே சுழலும்.

கடன் கிடைத்ததால் வறுமை நீங்கியதா என்ற வினாவுக்கும் விடை கிடைத்துவிட்டது. ஹைதராபாத் உட்பட ஆறு நாடுகளில் நிகழ்த்தப்பட்ட ஒப்பீட்டு ஆய்வுகள் 2015இல் ஒருசேர வெளியாயின. தொழில் ஏற்கெனவே நடத்திவந்தவர்களுக்குச் சிறிது உதவி கிட்டியது. குடும்பச் செலவைத் திட்டமிடும் வசதி கூடியது. ஆனால் வாழ்க்கையைப் புரட்டிப்போடும் மாற்றம் எதுவும் இல்லை என்பதே அவற்றின் சாரம்.

இனி, மேலே ஒத்திவைத்த ஆட்சேபத்துக்கு வருவோம். ரிபா கூடாது என்பதை வெறும் தடையாக மட்டும் கண்டால் அதன் பொருளியல் உள்ளடக்கம் நமக்குப் புலப்படாது. ஒரு பொருளின் ஆதாயத்துக்கு உரிமை கொண்டாடுபவர் அதன் இழப்புக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்பது ஃபிக்ஹு நூல்களில் ஆழ வேரூன்றிய விதி. முளாரபா என்னும் கூட்டு அதன் நேரடி வடிவம். தொழில் நட்டமடைந்தால் முதலிட்டவர் தம் முதலை இழக்கிறார். உழைத்தவர் தம் உழைப்பை இழக்கிறார். ஒருவர் இழப்பை மற்றவர் தலையில் சுமத்துவதில்லை. இவ்விதியை அளவுகோலாகக் கொண்டு குழுக்கடனை அளந்து பாருங்கள். பெண்ணின் கறவை மாடு செத்தால் மாடும் அவருடையது, தவணையும் அவருடையது. அவரால் இயலாவிடில் அண்டை வீட்டுக்காரருடையது. கடன் கொடுத்த நிறுவனமோ எதையும் இழப்பதில்லை. ஆதாயம் ஒரு பக்கமும் இழப்பு மறுபக்கமும் குவியும் இடத்தில் 'சமூகத் தேவை' என்ற சொல் வெறும் பூச்சாகிவிடுகிறது. மதச் சார்பற்ற பொருளியலாளரும் மறுக்க இயலாத அளவுகோல் இது.

ஆயினும் இதைச் சொல்லி நாம் பெருமிதம் கொள்ள இடமில்லை. இழப்பைப் பகிரும் முறையைக் கொள்கையில் உயர்த்திப் பேசும் இஸ்லாமிய வங்கிகள், நடைமுறையில் பெரும்பாலும் முராபஹா போன்ற, குறித்த இலாபம் வைத்துத் தவணைக்கு விற்கும் முறைகளையே சார்ந்து நிற்கின்றன. வங்கதேச இஸ்லாமி வங்கி 1995இல் தொடங்கிய கிராம வளர்ச்சித் திட்டமும் தவணை விற்பனையையே பெரிதும் கையாண்டது. இதற்குக் காரணம் உண்டு. முக்காலி பின்னும் பெண்ணின் வரவு செலவை வாரந்தோறும் சரிபார்த்து இலாபத்தைப் பங்கிட ஆகும் செலவு, அந்த இலாபத்தையே விழுங்கிவிடும். கொள்கை நேர்மையாக இருந்தும் நடைமுறையில் நிற்க முடியாமற் போவதன் கடினத்தை மறைக்காமல் பேசுவதே அறிவுடைமை.

இந்த இக்கட்டு நமக்குப் புதிதுமன்று. பதினாறாம் நூற்றாண்டு உஸ்மானியப் பேரரசில் பண வக்ஃபு குறித்து நிகழ்ந்த விவாதம் இன்றைய நுண்கடன் விவாதத்துக்கு முன்னோடி எனலாம். நிலத்துக்கும் கட்டடத்துக்கும் பதிலாக ரொக்கத்தை வக்ஃபு செய்து, அதைக் கடனாகக் கொடுத்து, வரும் வருவாயில் பள்ளி ஆசிரியருக்கு ஊதியமும் ஏழைக்கு உணவும் வழங்கினர். ஷைகுல் இஸ்லாம் அபுஸ்ஸுஊத் எஃபந்தி இதனை ஆதரித்தார். மக்களிடையே நிலைபெற்றுவிட்ட வழக்கம் இது, இதைத் தடுத்தால் எண்ணற்ற அறப்பணிகள் நின்றுபோகும் என்பது அவர் தரப்பு. பிர்கவி இதனைக் கடுமையாக எதிர்த்தார். நோக்கம் நல்லதாயிருப்பதால் வழி ஆகுமானதாகிவிடாது என்பது அவர் தரப்பு. இருவரும் பக்திமான்கள், இருவரும் பேரறிஞர்கள். நாம் கவனிக்க வேண்டியது, இருவருள் எவரும் 'அறம் நடக்கிறதே, பிறகென்ன கேள்வி' என்று விவாதத்தை முடித்துவிடவில்லை என்பதை. நிறுவனத்தின் நல்லெண்ணத்தைக் காட்டி ஆய்வை முடிக்கும் இக்கால எழுத்துகளுக்கு இந்த நிதானம் இல்லை.

வட்டியில்லாக் கடனைப் பெருமளவில் நடத்திக்காட்டிய முயற்சியும் உண்டு. 2001இல் லாகூரில் டாக்டர் முஹம்மது அம்ஜத் சாகிப் தொடங்கிய அகுவத், அழகிய கடன் எனப்படும் கர்ள் ஹஸனாவாகவே பணம் தருகிறது. பள்ளிவாசல் போன்ற வழிபாட்டிடங்களில் வைத்துக் கடனை வழங்குவதால் அலுவலகச் செலவைச் சுருக்குகிறது. 2021இல் அதன் நிறுவனருக்கு மக்சேசே விருது கிடைத்தது. ஆனால் அகுவத் ஆதாயம் ஈட்டும் தொழிலன்று. நன்கொடையும் அரசு தரும் நிதியும் அதன் முதுகெலும்பு. அதை வணிகத்தின் வெற்றி என்று எவரும் காட்ட இயலாது. வணிகம் எட்ட முடியாத இடம் ஒன்று உண்டு என்பதற்கே அது சான்றாகிறது.

இவ்வளவையும் கூறியபின், ஆதாயம் பங்கிடும் நிறுவனத்தால் ஏழைக்கு நன்மையே விளையாது என்று நாம் முடிவு கட்டினால் அது உண்மைக்கு மாறாகும். கென்யாவில் சஃபாரிகாம் நிறுவனம் 2007இல் தொடங்கிய எம்-பேசா கைப்பேசிப் பணச் சேவை இதற்குச் சான்று. நகரத்தில் உழைப்பவர் ஊரிலுள்ள தாய்க்குப் பணம் அனுப்ப, முன்பு பேருந்து ஓட்டுநரின் கையில் கொடுத்து அஞ்சியிருக்க வேண்டும்; இப்போது ஒரு குறுஞ்செய்தி போதும். தவ்னீத் சூரியும் வில்லியம் ஜேக்கும் 2016இல் வெளியிட்ட ஆய்வு, அச்சேவை ஏறத்தாழ 1,94,000 குடும்பங்களை, அதாவது கென்யக் குடும்பங்களில் 2 விழுக்காட்டை, கடும் வறுமையிலிருந்து உயர்த்தியது என்று மதிப்பிட்டது. நிறுவனமும் பெரும் ஆதாயம் அடைந்தது.

எஸ்.கே.எஸ். சறுக்கிய இடத்தில் எம்-பேசா ஏன் நின்றது? கட்டணம் எவ்வளவு என்பது பணம் அனுப்புமுன்பே தெரிகிறது. பயனில்லை என்று கண்டால் அடுத்த முறை அனுப்பாமல் இருந்துவிடலாம். எவரும் வாசலில் வந்து நிற்கப்போவதில்லை. பயனாளர் விலகினால் இழப்பு நிறுவனத்துக்கே. அதன் தொடக்கச் செலவில் ஒரு பங்கைப் பிரிட்டிஷ் அரசின் உதவி நிதி ஏற்றது என்பதையும் மறக்கலாகாது; முதல் ஆபத்தைச் சந்தை மட்டும் சுமக்கவில்லை. அதே கைப்பேசியில் 2012 முதல் உடனடிக் கடன்களும் வரத் தொடங்கியபோது, பழைய கவலைகள் அங்கும் தலைகாட்டின. ஆக, நன்மையும் தீமையும் கருவியைச் சார்ந்தவையல்ல, பயனாளருக்கும் நிறுவனத்துக்கும் இடையிலுள்ள உறவின் வடிவத்தைச் சார்ந்தவை.

யூனுஸே தம் பட்டறிவிலிருந்து இன்னொரு பாதையை முன்வைத்தார். இட்ட முதல் திரும்பலாம், அதற்குமேல் ஒரு காசும் முதலிட்டவருக்கு இல்லை என்ற விதியுடைய 'சமூக வணிகம்' அது. 2006இல் பிரான்சின் டனோன் நிறுவனத்துடன் சேர்ந்து, சத்துக் குறைந்த குழந்தைகளுக்காகச் 'சக்தி தோய்' என்ற செறிவூட்டிய தயிரை வங்கதேசத்தின் போக்ராவில் தயாரிக்கத் தொடங்கினர். 2008இல் பால் விலை ஏறியது. தயிரின் விலையை உயர்த்தினர். கிராமத்து விற்பனை வீழ்ந்தது. பின்னர் கிண்ணத்தைச் சிறிதாக்கினர். நகரக் கடைகளிலும் விற்று ஈடுகட்ட முயன்றனர். பேராசையற்ற வணிகமும் பால் விலையின் முன் தலைகுனிய வேண்டியிருந்தது. ஏழையிலும் ஏழையைச் சந்தையால் எட்ட முடியாத எல்லை இதுவே. அரவிந்த் அவ்வெல்லையைக் கடந்ததற்குக் காரணம், கட்டணம் கட்டக்கூடிய நோயாளியும் அதே வாசலுக்கு வந்தார் என்பது. தயிருக்கு அத்தகைய வாடிக்கையாளர் எளிதில் கிட்டவில்லை.

கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284 அளவில் கட்டிய மருத்துவமனையை இங்கு நினைவுகூர்வது பொருந்தும். செல்வரும் வறியவரும் ஆணும் பெண்ணும் அங்கே கட்டணமின்றிச் சிகிச்சை பெற்றனர். அதன் செலவை வக்ஃபு சொத்துகளின் வருவாய் ஏற்றது. சொத்திலிருந்து ஆதாயம் வந்தது. ஆனால் நோயாளியிடமிருந்து வரவில்லை. தேவையுள்ளவரிடம் ஈட்டுவது வேறு, தேவையுள்ளவருக்காக ஈட்டுவது வேறு என்ற பாகுபாடு வக்ஃபின் கட்டமைப்பிலேயே இருந்தது. 1951இல் திருச்சியில் ஜமால் முகம்மது கல்லூரியும் சென்னையில் நியூ காலேஜும் தோன்றியபோது, தமிழக முஸ்லிம் வணிகர்களின் செல்வம் அவற்றுக்குப் பின்னே நின்றதும் இம்மரபின் தொடர்ச்சியே.

ஆகவே, நற்பணியைத் தொழிலாக நடத்த முற்படும் எந்தத் திட்டத்தின் முன்பும் மூன்று வினாக்களை வைக்க வேண்டும் என்பது நம் கருத்து. நட்டம் வந்தால் அதை ஏற்பவர் யார்? மிஞ்சியது எங்கே செல்கிறது? வேண்டாம் என்று விலகும் உரிமை ஏழைக்கு உண்டா? அரவிந்த் மூன்றுக்கும் விடை சொல்கிறது. எம்-பேசாவின் பணச் சேவை முதல் வினாவுக்கும் மூன்றாவது வினாவுக்கும் விடை சொல்கிறது. இரண்டாவதில் அது சாதாரண வணிகமே, அதை மறைக்கவும் இல்லை. குழுக்கடன் நிறுவனங்கள் மூன்றிலும் தடுமாறுகின்றன. பிரகலாதின் நூல் இவ்வினாக்களை எழுப்பவில்லை என்பதே அதன்மீது நாம் வைக்கும் குறை. ஏழைக்கு மரியாதை வேண்டும் என்று அது சொன்னது சரி. வாங்கும் உரிமை மட்டுமே மரியாதையாகிவிடாது. மறுக்கும் வலிமையும் இழப்பிலிருந்து காப்பும் சேர்ந்ததே மரியாதை.

நம்முடைய வக்ஃபு நிலங்கள் பலவும் சொற்ப வாடகைக்கு முடங்கிக் கிடக்கின்றன. நம்முடைய பெண்கள் வாரத் தவணைக்காக வாசலில் நிற்பவருக்கு அஞ்சுகின்றனர். இவ்விரு உண்மைகளும் ஒரே ஊரில், சிலபோது ஒரே தெருவில் இருக்கின்றன. வணிகத் திறமையை முதலில் செலுத்த வேண்டிய இடம் அந்த நிலங்களே. அவற்றின் வருவாயிலிருந்து அந்தப் பெண்களுக்கு அழகிய கடன் தர முடியும். அதை விடுத்து, அவர்களையே சந்தையாகக் கொண்டு ஒரு 'சமுதாய நிதி நிறுவனம்' தொடங்குவோமானால், பெயர் அரபியில் இருந்தாலும் கணக்கு ஆந்திரத்தில் முடிந்த அதே கணக்காகவே இருக்கும்.